மாவடுவின் சரித்திரம்

வசந்த காலம் என்று சொன்னவுடனே நம் கவிஞர்கள் குயிலைக் கூப்பிட்டுவிடுவார்கள். பின்னாலேயே தென்றல் வரும், மன்மதன் வருவான், கரும்பு வில்லும் மலர்க்கணையும் வந்து சேரும். சமையற்கட்டில் இருப்பவர்களைக் கேட்டால் கதை வேறு. மாசி மாதம் பாதி கழிந்த ஒரு காலையில் தெருக்கோடியில் "வடு, மாவடூ!" என்று ஒரு குரல் கேட்க வேண்டும். அதுதான் அவர்களுக்கு வசந்தம். நம் முன்னோர் வகுத்த கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் மாமரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பின்பனி கழிவதற்குள்ளேயே அது இளவேனிலைத் தொடங்கிவிடுகிறது.

இந்த நாட்களில் ஒரு விசேஷம் உண்டு. வேம்பு பூத்து, வாசலெல்லாம் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். புதுப்புளி வரும். அந்த வருஷத்து மிளகாய் வற்றல் வரும். கடற்கரையில் வெயில் ஏறி, உப்பளங்களில் புது உப்பு விளையத் தொடங்கும். வடுவும் அதே சமயத்தில் வந்து சேரும். ஊறுகாய்க்கு வேண்டிய சகல சாமான்களையும் ஒரே மாதத்தில் கூட்டிக் கொடுத்த இயற்கைக்கு நல்ல குடித்தனப் புத்தி இருந்திருக்க வேண்டும்.

இளங்காய்க்குத் தமிழில் எத்தனை பெயர்கள் என்று பாருங்கள். வாழையின் பிஞ்சு கச்சல்; பலாவின் பிஞ்சு மூசு; தென்னையிலும் பனையிலும் குரும்பை; மாமரத்தில் மட்டும் வடு. பழுத்தபின் எல்லாம் பழம்தான். பிஞ்சாக இருக்கையில்தான் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சூட்டி அழைத்திருக்கிறார்கள். வீட்டில் சிறு குழந்தைக்குத்தானே செல்லப் பெயர் அதிகம்? வடுவை இரண்டாக வகிர்ந்தால் தெரியும் வடிவத்தைப் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொன்ன புலவர்கள் பலர். அவர்கள் வடு நறுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இனி மரத்தின் கணக்குக்கு வருவோம். மாமரத்தின் ஒரே பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், காய்க்காமலே உதிர்ந்துபோகும். மீதியில் கொஞ்சம் பிஞ்சு பிடிக்கும். அந்தப் பிஞ்சிலும் பெரும்பங்கு காற்றுக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் பலியாகிக் கீழே விழும். கொத்துக்கு ஒன்றோ இரண்டோ முற்றிப் பழுத்தால் பெரிது. நூறு பூவுக்கு ஒரு பழம்கூடத் தேறாது. எல்லாவற்றையும் காப்பாற்றினால் கிளை முறிந்துவிடும் என்று மரத்துக்குத் தெரியும் போலிருக்கிறது. பெரிய குடும்பத்துத் தலைவரைப்போல் அது சிலரைக் காப்பாற்றப் பலரைக் கைவிடுகிறது.

அப்படிக் கைவிடப்பட்டதை எடுத்து வைத்துக்கொள்ள முதன்முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? கடித்தால் பல் கூசும் புளிப்பு. காம்பைக் கிள்ளினால் வாயைப் புண்ணாக்கும் பால். இதை உப்பில் போட்டு நாலு நாள் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று நினைத்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருப்பாள் என்பது என் ஊகம். ஆண்பிள்ளைகள் பழத்துக்காகக் காத்திருப்பவர்கள்.

ஊகத்தை விட்டு ஆதாரத்துக்கு வருகிறேன். பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய ஐந்நூறு அடிப் பாட்டு. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்லுகிறான். வழி சொல்வது பெயருக்குத்தான். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதே அதில் பெரும்பகுதி. பசித்தவனுக்குப் பசித்தவன் சொல்லும் வழி வேறு எப்படி இருக்கும்?

வழியில் அந்தணர் குடியிருப்பு ஒன்று வருகிறது. வளையல் அணிந்த கையால் ஒரு பெண் பதம் அறிந்து சோறு சமைக்கிறாள். மாதுளங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவிக் கறிவேப்பிலை கலந்திருக்கிறாள். கூடவே, நெடிய மாமரத்தின் நறுமணமுள்ள வடுவைப் போட்டு ஊறவைத்த காடியும் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுள்ள பாட்டு இது. இதைவிடப் பழைய மாவடு ஜாடியை நான் கண்டதில்லை. கவிஞர் அவளுடைய வளையலைப் பார்த்தார், கைப்பக்குவத்தையும் புகழ்ந்தார். பெயரை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே பாட்டில், இந்த வீட்டுக்கு வருமுன்பே வழியில் உப்பு வண்டிகள் போகின்றன. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்லும் உமணர்களின் வண்டிகள் அவை. முன்னால் ஒரு வண்டியில் காடி வைத்த பானை கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். உப்பு ஒரு பெண்ணின் வண்டியில் வருகிறது. வடு இன்னொரு பெண்ணின் வீட்டில் ஊறுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததாகப் பாட்டில் இல்லை. ஆனால் இவள் வண்டி வராவிட்டால் அவள் வீட்டுப் பாணனுக்கு வெறும் சோறுதான்.

இவ்வளவும் நமக்குக் கிடைத்தது உ.வே. சாமிநாதையரின் பாடுபடலால். ஏடு ஏடாகத் தேடி, பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அவர் 1889-ல் அச்சிட்டார். செல்லரித்துப்போன ஏடுகளோடு அந்த ஊறுகாயும் போயிருக்க வேண்டியது. தமிழ்த் தாத்தா அதையும் சேர்த்தே மீட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஆதாரம் கொஞ்சம் கண்ணீர் கலந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அரிவாட்டாய நாயனார் கதை வருகிறது. சோழ நாட்டுக் கணமங்கலத்தில் தாயனார் என்ற செல்வர் இருந்தார். செந்நெல் அரிசிச் சோறு, கீரை, மாவடு மூன்றும் நாள்தோறும் சிவபெருமானுக்குப் படைப்பது அவர் நியமம். செல்வம் போயிற்று. கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாக வந்த செந்நெல்லைச் சுவாமிக்கு வைத்துவிட்டுக் கார்நெல்லைத் தாம் உண்டார். பிறகு கூலி முழுவதும் செந்நெல்லாகவே வந்தது. அத்தனையும் சுவாமிக்கே போயிற்று. மனைவி கொல்லைக் கீரையைச் சமைத்துப் போட்டாள். கீரையும் தீர்ந்த பிறகு தண்ணீர். ஆனால் படையலில் ஒன்றும் குறையவில்லை.

ஒரு நாள் பசிச் சோர்வில் கால் தள்ளாடி விழுந்தார். கூடையிலிருந்த சோறும் கீரையும் வடுவும் நிலத்து வெடிப்பில் சிந்திப் போயின. இறைவனுக்கு ஆகாத பிறவி எதற்கு என்று அரிவாளைக் கழுத்தில் பூட்டினார். அப்போது வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவர் கையைப் பிடித்தது. மாவடு கடிபடும் ஓசையும் கேட்டது. இறைவன் தரிசனம் தந்தான் என்று சொல்லவந்த புலவர், முதலில் கேட்க வைத்தது ஒரு வடு பல்லில் படும் சத்தத்தை!

நாவல் எழுதிப் பழகிய எனக்கு இந்த இடத்தில் சேக்கிழாரைக் கும்பிடத் தோன்றுகிறது. சம்பா அறுவடை ஆகித் தண்ணீர் வற்றி, தஞ்சை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், மரத்தில் வடு இறங்குவதும் ஏறக்குறைய ஒரே காலம். வயலில் வெடிப்பு, கூடையில் வடு, கையில் அறுவடை அரிவாள் எல்லாம் ஒரே பருவத்துச் சாமான்கள். ஊறுகாய் விஷயம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். கடித்தால் ஓசை கேட்க வேண்டும் என்பதுதான் நல்ல வடுவுக்கு இன்றைக்கும் பரீட்சை. சத்தம் கேட்கவில்லை என்றால் போட்டவர் கை சரியில்லை என்று அர்த்தம்.

இதுவரை நம் வீட்டு விஷயம். வெளியார் என்ன சொன்னார்கள்?

மொராக்கோ தேசத்து இபன் பதூதா 1333-ல் இந்தியாவுக்குள் நுழைந்தார். மாமரத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதில், பழுக்குமுன் உதிரும் காய்களைச் சேகரித்து, தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைப்பதுபோல இங்கே உப்பிட்டு ஊறவைக்கிறார்கள் என்கிறார். பச்சை இஞ்சியும் பச்சை மிளகுக் கொத்தும் அப்படியே ஊறுமாம். ஒவ்வொரு கவளத்துக்கும் பிறகு அதில் கொஞ்சம் கடித்துக்கொள்வார்களாம். மேற்குக் கரையில் ஹொன்னாவர் சுல்தானின் விருந்திலும் சோற்றோடும் நெய்யோடும் மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களை அவருக்குப் பரிமாறினார்கள். இந்தப் பிரயாணி பின்னால் மதுரைக்கும் வந்தார். எத்தனையோ அரண்மனைகளைப் பார்த்தவர், உதிர்ந்த காய் வீணாகவில்லை என்பதையும் மறக்காமல் எழுதினார். அதனால்தான் அவர் நல்ல எழுத்தாளர்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையிலும் சரி, இபன் பதூதாவிடமும் சரி, காரத்துக்கு மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கிய பிறகு, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்தது. வந்தவனுக்கு வீட்டுப் பெயரையே வைப்பது நம் வழக்கம். மிளகுபோல் காரமுள்ள காய் மிளகாய் ஆயிற்று. 1563-ல் கோவாவில் தம் நூலை அச்சிட்ட வைத்தியர் கார்சியா ட ஓர்டா, மாங்காய்க்குள் பச்சை இஞ்சியும் பூண்டும் அடைத்து உப்பும் எண்ணெயும் சேர்த்து ஊறவைப்பதைச் சொல்கிறார். ஆகவே ஜாடிக்குள் இன்று சிவப்பாகத் தெரிவது சில நூற்றாண்டுச் சொந்தம். உள்ளே இருக்கும் வடுதான் பழைய குடி.

போர்த்துகீசியர் மிளகாயைக் கொடுத்துவிட்டு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். மலையாளக் கரையில் 'மாங்ங', நம்மிடம் 'மாங்காய்'. 1510-ல் ரோமாபுரியில் அச்சான வார்த்தேமாவின் பிரயாண நூலிலேயே கள்ளிக்கோட்டை மாமரம் 'மங்கா' என்று வந்துவிட்டது. போர்த்துகீசிய மொழியில் 'மங்கா'. அதிலிருந்து ஆங்கிலத்தில் 'மாங்கோ'. நாம் பழத்தை மாம்பழம் என்று கொண்டாடுகிறோம். முக்கனியில் முதல் இடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் உலகத்துக்குப் போன பெயர் பழத்தினுடையது அல்ல, காயினுடையது.

பெயர் மட்டுமா? பொருளும் அப்படித்தான் போயிற்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர மாதக்கணக்காகும். பழம் எங்கே தாங்கும்? உப்பிலும் காடியிலும் ஊறிய மாங்காய்தான் போய்ச் சேர்ந்தது. ஆகவே அங்கே வெகுநாள் வரை 'மாங்கோ' என்றால் ஜனங்கள் ஊறுகாய் என்றே எண்ணினார்கள். 1699-ல் ஜான் ஈவ்லின் லண்டனில் வெளியிட்ட 'அசிடாரியா' என்ற புத்தகத்தில் 'வெள்ளரிக்காய் மாங்கோ' செய்யும் விதம் இருக்கிறது! முலாம்பழத்தையும் குடைந்து மசாலா அடைத்து ஊறப்போட்டு, அதையும் மாங்கோ என்றார்கள். இந்தப் பழக்கம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்கா போயிற்று. அங்கே குடமிளகாயை அடைத்து ஊறுகாய் போட்டார்கள்; கடைசியில் குடமிளகாய்க்கே மாங்கோ என்று பெயர் வந்துவிட்டது. ஒஹையோ, இந்தியானா மாகாணங்களில் பழைய தலைமுறைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அப்படியே சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் மிளகாய் இங்கே வந்து மாங்காயோடு சேர்ந்தது. நம் மாங்காயின் பெயர் அங்கே போய் மிளகாயோடு சேர்ந்தது. சம்பந்தி வீட்டார் இதைவிட முறையாகச் சீர் மாற்றிக்கொள்ள முடியாது.

சீர் மாற்றிக்கொண்ட கதை இனிமையானது. உப்பின் கதை அப்படி அல்ல.

வடு மரத்திலிருந்து விழும்; உப்பை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 1805-ல் கும்பினியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கினார்கள். உமணப் பெண் ஓட்டிய வண்டியின் சரக்குச் சர்க்கார் சரக்காயிற்று. பணக்காரனுக்கு உப்பு வரி ஒரு பொருட்டில்லை. பழைய சோற்றுக்கு ஊறுகாய் ஒன்றே கறியாக உள்ள வீட்டில், ஜாடியில் விழும் ஒவ்வொரு பிடி உப்பிலும் அந்த வரி இருந்தது. வடு போடப் பிடிக்கிற உப்பும் கொஞ்சநஞ்சமல்ல. எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு என்பது வீட்டுக் கணக்கு.

1930-ல் மகாத்மா காந்தி தண்டியை நோக்கி நடந்தது மார்ச் 12 முதல் ஏப்ரல் 5 வரை. மறுநாள் உப்பு எடுத்தார். அதாவது நம் மாசிக் கடைசியும் பங்குனியும். ஏப்ரல் 13-ம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். யாரையும் இலை போட்டு உட்கார வைக்கவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலை மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்! மரம் சோறு போட்டால் மரத்தை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். கட்டுச் சோற்றுக்கு ஊறுகாய் வேண்டும், ஊறுகாய்க்கு உப்பு வேண்டும் என்பதைக் காவேரிக் கரை ஜனங்களுக்கு யாரும் பிரசங்கம் செய்து புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு வரி ஒழிந்தது 1947-ல்.

இப்போது ஜாடிக்கு வருவோம். வடுவைக் காம்போடு வாங்க வேண்டும்; அடிபட்டது ஆகாது. கழுவித் துடைத்து ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிப் பிசறி, ஒரு வரிசை வடு, ஒரு வரிசை கல்லுப்பு என்று பீங்கான் ஜாடியில் அடுக்க வேண்டும். தினம் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். உப்பு வடுவின் நீரை வெளியே இழுக்கிறது, வடு சுருங்குகிறது, அந்த உப்பு நீரில் அழுகவைக்கும் கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. பிறகு அந்த நீரையே எடுத்துக் கடுகு, மஞ்சள், மிளகாய் வற்றலை அதில் அரைத்துத் திரும்ப ஊற்றிக் கலக்கிறார்கள். வெளித் தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது. இதில் ரசாயன சாஸ்திரம் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்தச் சாஸ்திரம் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே வளையல் கைக்கு அது தெரிந்திருந்தது.

பருவத்து உணவை அனுபவிப்பது என்றால் கிடைத்த அன்றே தின்று தீர்ப்பது என்று நாம் நினைக்கிறோம். வடு வேறு பாடம் சொல்லுகிறது. பங்குனியில் போட்டது ஆடிக் காற்றில் தயிர்ச் சோற்றுக்கு வரும். ஐப்பசி அடைமழையில் காய்கறி இல்லாத நாளில் வரும். இல்லாத நாளை நினைத்து இருக்கிற நாளில் கை வேலை செய்தவர்களின் ரஸனை அது.

இந்த ரஸனைக்கு இன்று வந்திருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பழத்தோட்டத்து ஒட்டு மரங்களில் வடு பறிக்க யாருக்கும் மனம் வராது. பழத்துக்கு விலை அதிகம். ஊறுகாய்க்கு ஏற்ற சின்ன உருண்டை வடு, கிள்ளினால் கைமணக்கும் வடு, ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மலையடிவாரத்திலும் கொட்டையிலிருந்து தானாக முளைத்த நாட்டு மரங்களில் காய்ப்பது. அழகர்மலை வடுவுக்கு மதுரையில் உள்ள பெயரை அறியாதவர் உண்டா? நம் நாட்டு மாங்கொட்டையை ஊன்றினால் தாய் மரத்தின் ருசி அப்படியே வருவதில்லை; ஒவ்வொரு நாட்டு மரமும் ஒரு தனிப் பிறவி. ஆகவே சாலையை அகலப்படுத்தவோ மனை போடவோ அப்படி ஒரு மரத்தை வெட்டினால், போவது ஒரு மரம் மட்டும் அல்ல. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மணமும் அதோடு போய்விடுகிறது. நூறு புதுக் கன்று நட்டாலும் அது திரும்பாது.

திரும்பாதா என்றால், வெட்டுமுன் யோசித்தால் வழி இருக்கிறது. இபன் பதூதா ஊறுகாய் உண்ட ஹொன்னாவர் சராவதி ஆற்றின் முகத்தில் இருக்கிறது. அந்த ஆற்றங்கரைக் காடுகளில் 'அப்பெ மிடி' என்ற வடு மரங்கள் உண்டு. மிடி என்றால் கன்னடத்தில் வடுதான். நல்ல மணமுள்ள மரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கிளை எடுத்து ஒட்டுக் கட்டி, அங்குள்ளவர்கள் கன்றுகளாகப் பெருக்கி வருகிறார்கள். புவியியல் குறியீடும் அதற்குக் கிடைத்திருக்கிறது. பழத்துக்குச் செய்கிற மரியாதையை அவர்கள் வடுவுக்கும் செய்திருக்கிறார்கள்.

நம் காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தின் பெயரால் ஒரு பெருங்கோயிலே இருக்கிறது. ஏகாம்பரம் என்பதற்கு அதுதான் பொருள். காஞ்சிக்குப் போகும் வழியில்தான் பாணனுக்கு மாவடு கிடைத்தது. ஒரு மரத்தைக் கோயிலாக்கத் தெரிந்த ஜனங்கள், ஊருக்கு ஒரு வடு மரத்தை வெட்டாமல் விட்டுவைக்க முடியாதா? அந்த மரத்தடியில் ஒரு கிழவியம்மா நிற்பாள். எந்த மரத்து வடு கடித்தால் சத்தம் கேட்கும், எது ஆறு மாதத்தில் குழைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மரம் வெட்டுகிறவர் வருவதற்கு முன்னால் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் யாராவது அவளைப் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர் இந்தத் தடவையாவது அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.